குறியும் நிச்சயமும்

ஆயர் பணியில் நம்மைத் திகைக்கச் செய்யும் வினாக்கள் பெரும்பாலும் வகுப்பறையில் எழுவதில்லை. நோயாளியின் கட்டிலருகே எழுகின்றன. தென்காசிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் படுக்கையிலாயிருந்த முதிய தாயார் ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் காணச் சென்றோம். தொண்ணூறு வயதை நெருங்கியவர். குழந்தைப் பருவத்திலேயே திருமுழுக்குப் பெற்று, ஞாயிறு தவறாமல் ஆலயம் சென்று, திருவிருந்தில் பங்குபெற்று வாழ்ந்தவர். அவருடைய பேரன் குற்றாலத்தில் நடந்த வாலிபர் முகாமொன்றுக்குச் சென்று திரும்பியிருந்தான். பாட்டியின் மேலுள்ள அன்பினாலேயே, "பாட்டி, நீங்கள் எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டான். அவரால் விடை சொல்ல இயலவில்லை. அன்றுமுதல் உறக்கமும் இல்லை. நாம் அருகில் அமர்ந்ததும் அவர் கேட்டது இதுதான்: "ஐயா, எனக்குத் தேதி தெரியாதே. அப்படியானால் நான் மோட்சம் போகமாட்டேனா?"

இளைஞனைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. அவன் கேட்டது அவனாகக் கண்டுபிடித்த கேள்வியன்று. 1687ஆம் ஆண்டில் லூனபர்க் நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, கடவுளே இல்லையோ என்னும் கலக்கத்திலிருந்து திடீரென விடுதலை பெற்ற அனுபவம் ஹாலே இறைப்பற்றியக்கத்தில் ஆழ்ந்த தடம் பதித்தது. அந்த ஹாலேயிலிருந்தே 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் ஸ்வார்ட்ஸும் வந்தார். ஜான் வெஸ்லி தமது உள்ளம் வியத்தகு முறையில் அனல்கொண்டதாகக் குறித்துவைத்த நாள் 1738 மே 24. 1860இல் அருளப்பனாரின் ஊழியத்தைச் சுற்றித் திருநெல்வேலிச் சீமையில் எழுந்த எழுப்புதலிலும், பாவ உணர்வால் கதறியவர்கள் மன்னிப்பின் களிப்புக்குள் வந்தமை பேசப்பட்டது. இவையெல்லாம் திருச்சபைக்குக் கிடைத்த கொடைகள். ஆயினும் ஒருவருக்குத் தேவன் அருளிய அனுபவத்தின் நாள் மற்றவர்க்குத் தேர்வுத்தாளாக மாறும்போது, கொடை சுமையாகிவிடுகிறது. அச்சுமையையே அத்தாயாரின் முகத்தில் கண்டோம்.

மீட்பின் நிச்சயம் என்றால் என்ன? அது எதன்மேல் நிற்கிறது? இவ்வினாக்களை ஆராய ஜெர்மனிக்கோ ஜெனீவாவுக்கோ போகுமுன், அத்தாயாரின் வீட்டுக்கு வெளியே செல்லும் சாலையிலேயே சற்று நடந்து பார்ப்பது நலம்.

தென்காசியும் மேலகரமும்

தென்காசியின் நடுவில் காசி விசுவநாதர் கோயில் நிற்கிறது. பராக்கிரம பாண்டியன் 1446இல் இக்கோயிற்பணியைத் தொடங்கினான். காசியில் உயிர்விடுவோர்க்கு முக்தி உறுதி என்பது நம் அயலாரிடையே வழங்கும் பழைய நம்பிக்கை. தெற்கிலுள்ள எளியோர் எத்தனை பேர் காசிக்குப் போக முடியும்? வழியிலேயே மாண்டவர் பலர். ஆகவே காசியின் பயனை இங்கேயே பெறுமாறு தென்காசி எழுந்தது என்பர். கட்டுக்கதை என்று இதைத் தள்ளிவிடுகிறவர் ஒன்றைக் கவனியாமற் போகிறார். மீட்பு செல்வர்க்கும் வழிநடக்க வல்லவர்க்கும் மட்டும் உரியதாக இருத்தலாகாது, அது எளியோன் இருக்குமிடத்துக்கே வரவேண்டும் என்னும் ஏக்கம் இதனுள் இருக்கிறது. அது நற்செய்திக்கு அயலான ஏக்கமன்று.

அக்கோயிலில் மன்னன் பொறித்துள்ள கல்வெட்டுப் பாடலொன்று புகழ்பெற்றது. பிற்காலத்தில் இத்திருப்பணிக்குக் குறை நேர்ந்தால் அதைச் செப்பனிடுவோரின் அடிகளில் தான் விழுந்து வணங்குவதாக அவன் அதில் கூறுகிறான். முடிமன்னன் இன்னும் பிறவாத யாரோ ஒருவரின் கால்களில் விழுகிறான்! அவன் அஞ்சியபடியே கோபுரம் பிற்காலத்தில் அழிவுற்றது. மீண்டும் எழுப்பப்பட்டுக் குடமுழுக்குக் கண்டது 1990இல்தான். தான் கட்டியதன் நிலைபேற்றுக்குத் தானே பொறுப்பேற்க முடியாது என்று உணர்ந்த அம்மன்னனின் பணிவு, தன் பத்தியைக் கணக்கிட்டு அதன்மேல் மோட்சத்தைக் கட்டுகிற கிறிஸ்தவனுக்கு நல்ல பாடம்.

தென்காசியை விட்டுக் குற்றாலம் நோக்கி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் செல்லும் வழியில் மேலகரம் இருக்கிறது. திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் இது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த அந்நூல் மதுரை நாயக்க மன்னன் முத்து விசயரங்க சொக்கநாதனின் பாராட்டைப் பெற்றது. பரிசாகக் கிடைத்த நிலம் குறவஞ்சி மேடு எனப்படுகிறது. நூலின் கதை எளிது. குற்றாலநாதர் உலா வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொள்கிறாள். அவர் தன்னை ஏற்பாரா என்று அறியாமல் வாடுகிறாள். அப்போது மலைக்குறத்தி சிங்கி வருகிறாள். தன் மலையின் வளத்தைப் பாடி, கையைப் பார்த்து, தெய்வங்களை வேண்டி, குறி சொல்கிறாள். நீ விரும்பியவர் உன்னை அடைவார் என்பதே குறி. வசந்தவல்லி விடுவதாக இல்லை. அவர் பெயரைச் சொல் என்கிறாள். பெயர் வந்தபின்னரே அவள் மனம் ஆறுகிறது.

நேசிப்பவர் தன்னை ஏற்பாரா என்னும் ஐயமும், அவ்வையத்தைத் தீர்க்கும் ஒரு சொல்லுமே இக்கதையின் உயிர். மீட்பின் நிச்சயம் பற்றிய கேள்வியும் அதுவே அல்லவா?

விசுவாசமே குறத்தியாய்

இதைக் கண்டுகொண்டவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அவரை, 1785இல் ஸ்வார்ட்ஸ் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். ஸ்வார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் மறைந்தார். ஈராண்டு கழிந்து, 1800ஆம் ஆண்டளவில், சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி உருவாயிற்று. தந்தையைப் போன்ற ஆசானை அடக்கம் செய்த துயரம் ஆறுமுன்னரே அவர் இந்நூலில் ஈடுபட்டிருக்க வேண்டும் என்பது எம் ஊகம்.

இங்கும் உலா உண்டு; வருகிறவர் பெத்லகேம் நாதர். காதல் கொண்டு வாடும் தலைவி தேவமோகினி. அவள் சீயோன் மகள், அதாவது திருச்சபை. சிங்கி, சிங்கன், நூவன் என்னும் பெயர்களும் இங்கே ஞானப் பொருள் பெற்று வருகின்றன. பறவை பிடிக்கும் சிங்கன் ஆத்துமாக்களைத் தேடும் ஊழியனாகிறான். குறத்தியாகிய ஞானச்சிங்கியோ விசுவாசம்.

இது எத்தனை துணிவான செயல் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். குறிசொல்லுகிறவனும் நாள்பார்க்கிறவனும் உங்களுக்குள் இருக்கலாகாது என்று உபாகமம் 18ஆம் அதிகாரம் விலக்குகிறது. குறிசொல்ல ஏவும் ஆவியைப் பிலிப்பி நகரில் பவுலடியார் துரத்தினார். அப்படியிருக்க, ஹாலே மரபில் வளர்ந்த ஒருவர் குறத்தியின் கூடையையும் மாத்திரைக்கோலையும் விசுவாசத்தின் கையில் கொடுப்பதா?

விடை, குறி எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. தெருவில் வரும் குறத்தி கேட்பவளின் கைரேகையை நோக்குகிறாள். கேட்பவளிடத்திலேயே அவளுடைய எதிர்காலம் எழுதப்பட்டிருக்கிறது என்பது அதன் கருத்து. சாஸ்திரியாரின் ஞானச்சிங்கி சொல்லும் குறியோ திருமறையின் செய்தியே. தீர்க்கரும் அப்போஸ்தலரும் உரைத்ததையே அவள் உரைக்கிறாள். விசுவாசம் நம்மை நோக்கி, "உன் கையில் என்ன இருக்கிறது?" என்று கேட்பதில்லை, "அவர் என்ன சொல்லியிருக்கிறார்?" என்று கேட்கிறது. இவ்வொரு மாற்றத்தில் சீர்திருத்தத் திருச்சபையின் போதனை முழுவதும் அடங்கிவிடுகிறது எனலாம்.

மார்ட்டின் லூத்தரை வாட்டியதும் கைரேகை பார்க்கும் பழக்கமே. தாம் கிருபையின் நிலையில் இருக்கிறோமா என்று அவர் தமக்குள்ளேயே தேடித் தேடிச் சலித்தார். வெளியேயிருந்து வந்த வாக்குத்தத்தமே அவரை விடுவித்தது. திரெந்து சங்கம் 1547இல், தனிப்பட்ட வெளிப்பாடு இன்றித் தன் இறுதி நிலைநிற்பை எவரும் தவறா உறுதியுடன் அறிய முடியாது என்று தீர்த்தது. மனிதன் தன்னையே நோக்கினால் அத்தீர்ப்பு முற்றிலும் சரி என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கால்வினும் அதை அறிந்திருந்தார். ஆகவேதான் நம் தெரிந்தெடுப்பை நமக்குள் பாராமல் கிறிஸ்துவைக் கண்ணாடியாகக் கொண்டு பார்க்கும்படி கற்பித்தார். அவருக்குப்பின் வந்தோரில் சிலர் மறுபடியும் உள்ளே திரும்பி, மறுபிறப்பின் அடையாளங்களை எண்ணத் தொடங்கினர். ஆயினும் 1646இல் வரையப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின் 18ஆம் அதிகாரம், உண்மை விசுவாசி நிச்சயத்தை அடைய நெடுங்காலம் காத்திருக்கவும் போராடவும் நேரலாம் என்று பரிவோடு இடமளிக்கிறது. முகாம்களில் பேசுகிற நம் சகோதரர்கள் அப்பகுதியை ஒருமுறையேனும் வாசிப்பது நன்று.

நம் சபைகளிலும் குறி பார்த்தல் ஒழிந்துவிடவில்லை. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த வசனச் சீட்டு எடுக்க நிற்கும் வரிசையைப் பாருங்கள். எடுத்த வசனம் இனியதானால் முகம் மலர்கிறது. எச்சரிப்பின் வசனம் வந்தால் மறைவாக இன்னொரு சீட்டு எடுப்பாரும் உண்டு. இவ்வழக்கத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லோம். திருமறை வசனமொன்று ஓராண்டு ஒரு வீட்டுச் சுவரில் இருப்பது நல்லதே. ஆனால் எல்லார்க்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்ட வாக்கை எனக்கென விழுந்த சீட்டாக மாற்றும்போது, ஞானச்சிங்கியை அனுப்பிவிட்டுத் தெருக்குறத்தியை உள்ளே அழைக்கிறோம்.

நிச்சயம் என்னும் சொல்

எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத் தொடக்கத்தில், நம் பழைய திருமறை மொழிபெயர்ப்பு விசுவாசத்தை விளக்குமிடத்தில் உறுதி, நிச்சயம் என்னும் இரு சொற்களைப் பயன்படுத்துகிறது. மொழிபெயர்த்தோர் கருதினரோ இல்லையோ, தமிழ்ச் செவிக்கு நிச்சயம் என்பது மற்றொரு பொருளையும் தருகிறது. "உங்கள் மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டதா?" என்று ஊரில் கேட்கிறார்கள். அது தருக்க நூலின் ஐயமற்ற அறிவைப் பற்றிய கேள்வியன்று, மணவுறுதியைப் பற்றியது. இரு குடும்பங்கள் ஒருவர்க்கொருவர் வாக்களித்து, வெற்றிலை பாக்கு மாற்றி, நாள் குறித்துவிட்டன என்பது பொருள்.

இப்பொருளை மனத்திற்கொண்டு 2 கொரிந்தியர் 11:2ஐ வாசித்தால், கொரிந்து சபையைக் கிறிஸ்து என்னும் ஒரே மணவாளனுக்கு உரியவளாக்கினதாகப் பவுலடியார் கூறுவது புதிய ஒளி பெறுகிறது. ஓசியா 2ஆம் அதிகாரத்திலும், துரோகம் செய்த மனைவியை நோக்கித் தேவன் மீண்டும் மணவுறுதி செய்கிறார். நிச்சயம் செய்யப்பட்ட பெண்ணின் நிலையே திருச்சபையின் நிலை. அவள் இன்னும் மணவாளனின் வீட்டில் இல்லை. அவ்வீட்டின் அறைகள் எத்தனை, முற்றம் எப்படியிருக்கும் என்பதை அவள் அறியாள். ஆனால் வேறொருவரைப் பற்றி அவள் யோசிப்பதில்லை. அவளுடைய உறுதி அவளது அழகின்மேல் நிற்பதன்று. கொடுக்கப்பட்ட வாக்கின்மேல் நிற்கிறது. அதே வேளையில் அவள் கவலையின்றித் திரிவதும் இல்லை, தன்னை ஆயத்தப்படுத்துகிறாள். நிச்சயம் உண்டானால் ஒழுக்கம் தளர்ந்துவிடும் என்று அஞ்சுவோர், நிச்சயமான பெண்ணைக் கண்டதில்லை போலும்.

பவுலடியார் இவ்வுறவுக்குக் கடைவீதியிலிருந்தும் ஒரு சொல்லை எடுக்கிறார். 2 கொரிந்தியர் 1:22, 5:5, எபேசியர் 1:14 ஆகிய இடங்களில் தூய ஆவியானவர் அச்சாரம் எனப்படுகிறார். கிரேக்கத்தில் அர்ரபோன். பேசிய விலையில் ஒரு பகுதியை முன்னரே கொடுத்துவிட்டால், மீதியைக் கொடுக்கும் கடமை கொடுத்தவரைச் சேர்ந்துவிடுகிறது. தென்காசிச் சந்தைக்கு வரும் எந்த விவசாயிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நாம் கவனிக்கவேண்டியது, அச்சாரம் கொடுத்தவர் தேவன் என்பதே. நாம் கொடுத்திருந்தால் மீதியைச் செலுத்த முடியுமா என்று நடுங்க வேண்டியதுதான்.

குற்றாலத்துச் சாரலையும் ஒப்பிடத் தோன்றுகிறது. ஜூன் மாதத்தில் மேற்கே கேரளத்தில் பருவமழை வலுக்கும்போது, செங்கோட்டைக் கணவாய் வழியே குளிர்காற்றும் நுண்துளியும் தென்காசிவரை வருகின்றன. அருவியை இன்னும் காணாதவனும் முகத்தில் அத்துளி பட்டதும், மலைமேல் மழை பெய்கிறது என்று அறிகிறான். உரோமர் 8:23இல் ஆவியின் முதற்பலன் எனப்படுவது இத்தகையது. எனினும் சாரல் பொய்க்கும் ஆண்டுகளும் உண்டென்பதை உள்ளூரார் அறிவர். ஆகவே இவ்வுவமையை அதற்குமேல் இழுக்க வேண்டாம்.

மறுமை வாழ்வின் விவரங்களைப் பற்றித் திருமறை நாம் விரும்பும் அளவுக்குப் பேசுவதில்லை. மரித்தோர் நித்திரையடைந்தவர்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 4இல் சொல்லும் அதே பவுலடியார், பிலிப்பியர் 1:23இல் உடலைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருப்பதைப் பற்றி ஆவலுடன் எழுதுகிறார். இடைநிலை பற்றி இறையியலார் நூல்கள் பல எழுதியுள்ளனர். நாம் அவற்றைக் கற்கவேண்டும். ஆனால் கட்டிலருகே அவற்றை எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. 1 யோவான் 3:2 அறியாமையையும் அறிவையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறது: இனி எப்படியிருப்போமென்று வெளிப்படவில்லை, ஆனால் அவருக்கு ஒப்பாயிருப்போமென்று அறிந்திருக்கிறோம். 2 தீமோத்தேயு 1:12இலும் பவுலடியார் அறிந்திருப்பதாகக் கூறுவது ஒரு நாளையோ ஓர் இடத்தையோ அன்று, ஓர் ஆளையே. வசந்தவல்லி பெயரைக் கேட்டது சரிதான்.

கட்டிலருகே

அத்தாயாரிடம் இவற்றில் எதையும் நாம் விரித்துரைக்கவில்லை. "பாட்டி, உங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்த நாள் நினைவிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டோம். சற்று யோசித்தார். "இல்லை ஐயா. எனக்குப் பதினைந்து வயசு. பெரியவர்கள்தான் பேசி முடித்தார்கள். நாள் எது, கிழமை எது, ஒன்றும் நினைவில் இல்லை" என்றார். பிறகு தாமாகவே மெல்லச் சிரித்து, "ஆனால் ஆள் இன்னார் என்று தெரியாமலா ஐம்பது வருஷம் குடித்தனம் பண்ணினேன்?" என்றார். அதற்குமேல் நாம் சொல்ல ஏதுமிருக்கவில்லை. உரோமர் 8ஆம் அதிகாரத்தின் முடிவை வாசித்து ஜெபித்தோம்.

அது ஒரே நாளில் தீர்ந்த போராட்டமன்று என்பதையும் சொல்லவேண்டும். வலி மிகுந்த இரவுகளில் அவர் மீண்டும் கலங்கினார். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணத்தில், கிறிஸ்தியான் மரண ஆற்றில் இறங்கியதும் தன் நிச்சயம் முழுவதையும் இழந்துவிடுகிறான். அமிழ்கிறவனின் தலையைத் தண்ணீருக்குமேல் தூக்கிப் பிடிக்கிறவன் உடன்வந்த நம்பிக்கை என்னும் தோழன். அக்கதையைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்ட கிருஷ்ண பிள்ளை திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவரே. பனியனின் கதையில் ஆற்றைச் சிரமமின்றிக் கடப்பவன் அறியாமை என்பவன். வீண் நம்பிக்கை என்னும் ஓடக்காரன் அவனை ஏற்றிச் செல்கிறான். வாசலிலோ அவனிடம் காட்டுவதற்குச் சீட்டு இல்லை. மனக்கலக்கம் அவிசுவாசத்தின் அடையாளமன்று. கலக்கமின்மை விசுவாசத்தின் சான்றும் அன்று. தலையைத் தூக்கிப் பிடிப்பதே ஆயரின் பணி. சில இரவுகளில் அப்பேரனே அதைச் செய்தான். முகாமில் கற்ற பாடல்களைப் பாட்டிக்குப் பாடினான்.

இவ்வட்டாரத்தில் பணிசெய்வோர் சந்திக்கும் இன்னொரு வினாவும் உண்டு. ஆடி அமாவாசையன்று குற்றால அருவிக்கரையில் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்யத் திரளானோர் கூடுகின்றனர். அண்மையில் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் அக்கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, "ஐயா, என் தகப்பனார் கிறிஸ்துவை அறியாமலே போய்விட்டார். அவர் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டால் என்ன சொல்வது? நமக்குக் கொடுக்கப்பட்டது நம்மைப் பற்றிய வாக்கு; பிறர்மேல் தீர்ப்புக்கூறும் அதிகாரமன்று. சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் கேட்ட இடத்திலேயே நாமும் நிற்கிறோம். அந்த மகனின் கண்ணீருக்கு முன் நம் இறையியல் இதற்குமேல் துணிந்தால், அது நிச்சயமன்று, குறி சொல்லுதலே.

பொது ஜெபநூலின் அடக்க ஒழுங்கில், உயிர்த்தெழுதலைப் பற்றிய உறுதியும் நிச்சயமுமான நம்பிக்கையோடு உடலை மண்ணுக்கு ஒப்புவிக்கும் பகுதி உண்டு. யாருக்கும் இதைச் சொல்லிவிடலாமா என்று 1661இல் இங்கிலாந்தின் பியூரிட்டன் ஆயர்கள் வழக்கிட்டனர். 1662 பதிப்பில் உயிர்த்தெழுதல் என்பதற்குமுன் ஆங்கிலச் சுட்டிடைச்சொல் ஒன்று சேர்க்கப்பட்டது. இன்னாரின் உயிர்த்தெழுதல் என்றில்லாமல், கிறிஸ்துவுக்குள் வாக்களிக்கப்பட்ட அந்தப் பொது உயிர்த்தெழுதல் என்று பொருள் விரிந்தது. தமிழில் அச்சொல்லுக்கு இணையில்லாமையால் நம் செவிக்கு அவ்வேறுபாடு எட்டுவதில்லை. ஆயர்களாகிய நாம் அறிந்திருப்பது நலம். குழியருகே நாம் அறிக்கையிடுவது மரித்தவரின் தகுதியையோ அவருடைய தேதியையோ அன்று, வாக்களித்தவரையே.

அத்தாயார் அவ்வாண்டு ஐப்பசி மழையில் இறந்தார். கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லும் பாதை சேறாகியிருந்தது. பேரனும் அவன் வயதொத்த மூவரும் பெட்டியைச் சுமந்து வந்தனர். ஒழுங்கிலுள்ள சொற்களைக் கூட்டாமலும் குறைக்காமலும் வாசித்தோம். முதற்பிடி மண்ணை அவனே இட்டான்.